மூன்று கேள்வியில் தேறியவர்

வெள்ளவத்தையில் நவரத்தினம் சந்தேகப்படாத மனிதரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. சந்தையில் மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டி, இப்போதுதான் வந்த மீன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், இவர் தன் விரலால் இன்னொரு முறை தூக்கிப் பார்ப்பார். பிறகு மணந்து பார்ப்பார். பக்கத்துக் கடை மீனையும் ஒருமுறை மணந்துவிட்டு வந்துதான் வாங்குவார். ஓட்டோவில் ஏறினால் கண் மீற்றரை விட்டு அசையாது. காலி வீதி பற்றி எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. தொடர்மாடி வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கியவர் மறுபடி படியேறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "கலியாணத்துக்கு முதல் என்னையும் இப்பிடித்தான் ஆட்டி அசைச்சுப் பாத்து எடுத்தவர்" என்று மனைவி பாலேஸ்வரி வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பூட்டை இழுப்பதை மட்டும் நிறுத்தமாட்டார்.

இதைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது அவர் மீசை அரும்பிய பெடியன். சண்டைக் காலம். சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டவேண்டும். லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதியவேண்டும். பஸ்ஸில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். எல்லோரும் தன்னைச் சந்தேகித்த அந்த நாட்களில்தான் அவரும் எல்லோரையும் சந்தேகிக்கப் பழகினார். சண்டை முடிந்தது. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நல்ல வேலையும் கிடைத்தது. பழக்கம் போகவில்லை.

அவ்வளவு பெரிய மதிலில் ஒரேயொரு வாசல் இருந்தது. புது ஆள் யாரைக் கண்டாலும் நவரத்தினம் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? ஆரின்ரை மகன்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்துவிட்டால் பிறகு செவுள் பார்க்கும் வேலையே கிடையாது. அவர் எங்கட ஆள். அதோடு கதை முடிந்தது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய ஆட்கள் பாதிப் பேர் கலியாணம் பேசுவதும், வீட்டை வாடகைக்குக் கொடுப்பதும் இந்த மூன்று கேள்வியை வைத்துத்தான்.

கலியாணமாகி வெகுகாலம் கழித்துக் கிடைத்த ஒரே மகள் யதுஷா. பதினான்கு வயது. ரக்கெட்டைப் பிடித்தால் அவளுக்கு வேறு உலகம் இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் சிலர் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பட்மிண்டன் கழகம் நடத்தினார்கள். நவரத்தினம் மகளை அங்கே சேர்த்தார். கந்தோர் விட்டதும் நேரே அங்கே போய், பயிற்சி முடியும்வரை வாசலில் காத்திருந்து, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவார்.

அந்தக் கழகத்துக்குப் புதிய தலைமைப் பயிற்றுநராக வினோதன் வந்தார். வெள்ளைச் சப்பாத்து, நெற்றியில் மெல்லிய திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. நவரத்தினம் வழக்கம்போலத் தொடங்கினார்.

"தம்பி எந்த ஊர்?"

சொன்ன ஊர், நவரத்தினத்தின் தாய்வழிச் சொந்தங்கள் இருந்த ஊருக்கு அடுத்த ஊர்.

"படிச்சது?"

அதே கல்லூரி. அதே விடுதி.

"ஆரின்ரை மகன்?"

"போஸ்ட்மாஸ்டரின்ரை கடைசி, அண்ணை."

"அட, எங்கட போஸ்ட்மாஸ்டரின்ரை பெடியனே!" நவரத்தினம் அவருடைய கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சில்லை. வினோதன் சேர், வினோதன் சேர் என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார். பாலேஸ்வரிக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்ச நாளில் வினோதன் சேர் அவரைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, யதுஷாவிலை விசயம் இருக்கு. தேசிய அணிக்குப் போகக்கூடிய பிள்ளை. புதன்கிழமையிலை அவவுக்கு மட்டும் தனியப் பயிற்சி குடுக்கப்போறன். நீங்கள் வந்து மினக்கெட வேண்டாம். நான் தெகிவளைக்குத்தானே போறன், காரிலை கொண்டுவந்து இறக்கிவிடுறன்." மூன்று கேள்வியில் தேறியவரிடம் நாலாவது கேள்வி கேட்பது மரியாதையில்லை. நவரத்தினம் கைகூப்பாத குறையாக நன்றி சொன்னார். மீன்காரரின் செவுளை நம்பாத மனிதர், பெற்ற பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு காரில் ஏற்றிவிட்டார்.

அவருடைய சந்தேகம் சும்மா இருக்குமா? அது வேறு ஆளைத் தேடிப் பிடித்தது. கழகத்தில் முர்ஷித் என்று ஓர் உதவிப் பயிற்றுநர் இருந்தான். தெமட்டகொடைப் பெடியன். சின்னப் பிள்ளைகளுக்கு அடி பழக்குவான். ஓய்ந்த நேரத்தில் ஒரு மூலையில் இருந்து ரக்கெட்டுகளுக்கு நரம்பு பின்னிக் கொடுப்பான். பெற்றோர் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று பேசியதுதான் வினையாகிப் போனது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பிரெக்டிஸ் நடக்கக்குள்ள ஹோல் கதவு தொறந்து ஈக்கணும். ஒரு கோச்சும் ஒரு பிள்ளையும் தனிய நிக்கக் கூடாது, பெரியவங்க இன்னொருத்தர் ஈக்கணும். பிள்ளைக்கு மெசேஜ் போடுறதெண்டா உம்மா வாப்பா ஈக்கிற குரூப்புலதான் போடணும். வாகனத்துல தனிய ஏத்திட்டுப் போகக் கூடாது. எனக்கும் சேத்துத்தான் செல்றேன்."

வினோதன் சேர் சிரித்தார். "முர்ஷித், இஞ்சை எல்லாரும் ஒரு குடும்பம். உதெல்லாம் வெளிநாட்டுக் கதை." அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நவரத்தினம் சிரிக்கவில்லை. அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஏன் இவனுக்கு இந்த யோசனை வந்தது? மனதில் அழுக்கு இல்லாதவனுக்கு இப்படியெல்லாம் பேச வருமா? கூட்டம் முடிந்ததும் முர்ஷித்தை மறித்து மூன்று கேள்வியையும் கேட்டார். ஊர் தெமட்டகொடை. பள்ளிக்கூடத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. தகப்பன் ரயில்வே யார்டில் வேலை செய்தவர். ஒன்றிலும் தேறவில்லை.

அன்றிலிருந்து முர்ஷித் என்ன செய்தாலும் அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது. சொன்ன விதிகளை ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி அவன் கதவருகே ஒட்டினான். பெரிய ஆள் என்று காட்டுகிறான். பிள்ளைகளை யார் கூட்டிப்போக வருகிறார்கள் என்று நின்று பார்த்தான், இவனுக்கென்ன அதில்? ஒருநாள் அவரிடமே வந்து, "அங்கிள், புதன்கிழமை நீங்களும் வந்து ஒக்காரலாமே" என்றான். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று நவரத்தினம் கொதித்தார்.

இதற்கிடையில் யதுஷா மாறிக்கொண்டு வந்தாள். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோவாள். கைத்தொலைபேசி மணி அடித்தால் திடுக்கிடுவாள். நவரத்தினம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காரணம் தேடினார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையைச் சந்தேகித்தார். மேல்மாடியில் கிற்றார் அடிக்கும் பெடியனைச் சந்தேகித்து, மின்தூக்கியில் அவனை முறைத்தார். சந்தேகிக்கவேண்டிய ஒருவரைத் தவிர ஊரில் எல்லோரையும் சந்தேகித்து முடித்தார்.

ஒரு புதன்கிழமை காலை யதுஷாவின் ரக்கெட்டில் நரம்பு அறுந்திருந்தது. அன்று பயிற்சிக்குப் போகவில்லை. முர்ஷித் புதிதாகப் பின்னிக் கொடுத்தான். அடுத்த புதனும் அறுந்தது. நவரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரக்கெட்டை யன்னலடிக்குக் கொண்டுபோனார். அடித்து அறுந்த நரம்பு என்றால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இதுவோ கூரிய எதனாலோ வெட்டியதுபோல் நேராக இருந்தது. அவருக்கு உள்ளே ஒரு சந்தோசமே வந்தது என்றுதான் சொல்லவேண்டும். கள்ளனைப் பிடித்துவிட்டார். ரக்கெட்டைத் தொடுகிறவன் யார்? முர்ஷித். சேர் தன் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி கொடுப்பது யாருக்குப் பொறுக்கவில்லை? முர்ஷித்துக்கு.

கழகத் தலைவர் பத்மகாந்தன் ஓய்வுபெற்ற பொறியியலாளர், கல்லூரியில் நவரத்தினத்துக்கு மேல் வகுப்பு. அவருக்கு முன்னால், பிள்ளைகள் பார்த்திருக்க, நவரத்தினம் வெட்டுப்பட்ட ரக்கெட்டைத் தூக்கிக் காட்டிக் குற்றம் சாட்டினார். முர்ஷித்தின் முகம் கறுத்துப்போனது.

"நான் எதுக்கு அங்கிள் வெட்டுறேன்? யார் வெட்டினதெண்டு பாக்குறதுக்கு முந்தி, ஏன் எப்பவும் புதன்கிழமை அறுகுதெண்டு பாருங்க."

"பாத்தீங்களோ, நாளைக்கூட நினைவு வைச்சிருக்கிறான்!" என்றார் நவரத்தினம்.

வினோதன் சேர் முர்ஷித்தின் தோளில் கையைப் போட்டு, "பிரச்சினை வேண்டாம் தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டிலை நில்" என்று கனிவாகச் சொன்னார். முர்ஷித் நரம்பு பின்னும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். யதுஷா சுவரோடு சாய்ந்து நின்று அவன் போவதையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அடுத்தமுறை நவரத்தினம் கழகத்துக்குப் போனபோது கதவருகே தாளைக் காணவில்லை. ஒட்டுநாடாவின் துண்டுகள் மட்டும் சுவரில் இருந்தன.

புதிய நரம்பை நவரத்தினம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் போடுவித்தார். ரக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். இனி யார் வெட்டுவான் பார்ப்போம் என்று பாலேஸ்வரியிடம் சவாலும் விட்டார்.

அந்தப் புதன்கிழமை கந்தோரில் தலையிடி என்று சொல்லி அரைநாள் லீவில் வந்தார். பாலேஸ்வரி கடைக்குப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவர் குளியலறைக் கதவடியில் நின்றுவிட்டார். யதுஷா தரையில் குந்தியிருந்தாள். மடியில் ரக்கெட். கையில் அவர் முகம் வழிக்கும் பிளேட். ஒரு நரம்பு ஏற்கனவே அறுந்து தொங்கியது.

அவர் கத்தவில்லை.

"யது... நீயோ?"

அவள் ஓடவுமில்லை, ஒளிக்கவுமில்லை. "ரக்கெட் இல்லாட்டிப் போகத் தேவையில்லைத்தானே அப்பா" என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள்.

பாலேஸ்வரி வந்து, பையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, மகளை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யதுஷா துண்டு துண்டாகச் சொன்னாள். புதன்கிழமைகளில் மண்டபக் கதவு உள்ளே பூட்டித்தான் இருக்கும். சேர் அவளுடைய தொலைபேசிக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார். பார்த்ததும் அழித்துவிடச் சொல்லுவார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எரிச்சல்படுவார்களாம், அதனால் இதெல்லாம் தங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டுமாம். காரில் சுற்றுப்பாதையால் வருவார். தோளைப் பிடித்துவிடுவார், கையைப் பிடித்துக்கொள்வார். வேண்டாம் என்றால், "தேசிய அணிக்குப் போக விருப்பமில்லையோ?" என்று சிரிப்பார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க விடக்கூடாது என்றுதான் அந்தப் பிள்ளை தனக்கு உயிரான ரக்கெட்டைத் தானே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏன் பிள்ளை எங்களிட்டைச் சொல்லேல்லை?" நவரத்தினத்தின் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

யதுஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்கள் மீன் விக்கிறவரையும் நம்பமாட்டியள் அப்பா. மேல்வீட்டு அண்ணாவையும் நம்பமாட்டியள். சேரை மட்டும் நம்பினீங்கள். நீங்களே நம்பிற ஆளிலை பிழை இருக்காது, பிழை என்னிலைதான் எண்டு நினைச்சன்."

நவரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க அவர் தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மணந்து பார்த்துக் காத்த வீடு அது. வாசலைத் திறந்துவிட்டதும் அவரேதான். அந்த நேரத்தில் தன்னைக் கன்னத்தில் யாராவது அறைந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது.

மாலையே பத்மகாந்தன் வீட்டுக்குப் போனார். தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். பத்மகாந்தன் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நவம், முதல் முர்ஷித் எண்டீர். இப்ப வினோதன். அடுத்தது நானோ?"

"அண்ணை, இது அப்பிடியில்லை..."

"உம்மடை குணம் எல்லாருக்கும் தெரியும்தானே. நரம்பை வெட்டினது உம்மடை பிள்ளைதான் எண்டு நீரே சொல்லுறீர். அதுக்கொரு பெடியன்ரை வேலையையும் பறிச்சுப்போட்டீர். இனி பிள்ளை சொல்லுறதை எப்பிடி எடுக்கிறது? பொம்பிளைப் பிள்ளை, பேரும் கெட்டுப்போகும். வினோதன் எங்கட கல்லூரிப் பெடியன், தெரியாதே? உம்மடை பிள்ளைக்கு விருப்பமில்லாட்டி விடும். புதன்கிழமைக்கு வேறை பிள்ளை இருக்கு."

எங்கட கல்லூரிப் பெடியன். நவரத்தினம் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். வேறொருவர் வாயில் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளவேண்டும் போலிருந்தது. வேறை பிள்ளை இருக்கு என்ற பேச்சு படி இறங்கும்போதும் கூடவே வந்தது.

மறுநாள் தெமட்டகொடைக்குப் போனார். ரயில்வே யார்டுக்குப் பின்னால், ஒழுங்கைக்குள் ஒழுங்கையாக விசாரித்து முர்ஷித்தின் வீட்டைக் கண்டுபிடித்தார். முர்ஷித் கதவைத் திறந்து, ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொன்னான். கதவை அகலத் திறந்தபடியே விட்டான். அவனுடைய மனைவி ஹபீலா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். கோப்பையைத் தொடாமல் நவரத்தினம் சொல்லி முடித்தார்.

"தம்பி, நான் உமக்குச் செய்தது பெரிய அநியாயம். மன்னிக்கச் சொல்லிக் கேக்கவும் எனக்கு முகமில்லை. நீர் ஒருக்கா வந்து கழகத்துக்குச் சொல்லும். பூட்டின கதவு உமக்குத் தெரியும்தானே."

"வாறேன் அங்கிள். யார் கேட்டாலும் நான் கண்டத செல்லுவேன். ஆனா வெரட்டின கோவத்துல பழி தீக்குறானெண்டுதான் செல்லுவாங்க. வெரட்ட வெச்சது நீங்கதானே."

நவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். யார்டில் ஓர் எஞ்சின் நீளமாக ஊதியது. அது ஓயும்வரை முர்ஷித் பொறுத்திருந்தான்.

"அண்டைக்கு நான் அந்த விதியெல்லாம் சென்னது வினோதன் சேர் மேல சந்தேகத்துல இல்ல. அப்ப எனக்கு ஒண்டும் தெரியாது. பொறகுதான் புதன்கிழமை கதவு பூட்டி ஈக்கிறதக் கண்டேன், அதான் உங்கள வந்து ஒக்காரச் சென்னேன். யாருக்கும் யார் மேலயும் சந்தேகம் வரத் தேவையில்லாம ஈக்கத்தான் விதி. நல்ல கோச்சுக்கும் அது காவல்." அவன் எழுந்து கோப்பையை அவர் கையில் எடுத்துக் கொடுத்தான். "குடிங்க. கழகத்த விடுங்க, அவங்க அவங்கட ஆளத்தான் பாப்பாங்க. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, 1929க்கு கோல் எடுங்க. அங்க யாரும் எந்த ஸ்கூலெண்டு கேக்க மாட்டாங்க. புதன்கிழமைக்கு முந்தி எடுங்க."

வீட்டுக்கு வந்து பாலேஸ்வரியிடம் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. "எடுங்கோ" என்றாள். யதுஷாவிடம் கேட்டார். அவள் தன் இடத்துக்குப் போகப்போகும் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அவளைவிடச் சின்னவள், இப்போதுதான் பல்லுக்குக் கம்பி போட்டவள். "எடுங்கோ அப்பா" என்றாள் அவளும்.

நவரத்தினம் கதிரையின் நுனியில் உட்கார்ந்து இலக்கத்தை அழுத்தினார். மறுமுனையில் சிங்களத்தில் ஒரு பெண் குரல். "தெமள கதா கரன கெனெக் இன்னவாத மிஸ்?" என்று தமிழ் பேசுபவரைக் கேட்டார் நவரத்தினம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, தமிழில் பேசும் ஒருவரிடம் கொடுத்தார்கள். பெயர், வயது, இடம் எல்லாம் அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள். யதுஷா எதிரே கால்களை மடக்கிக்கொண்டு சோபாவில் இருந்தாள். அவள் கண் அப்பாவின் வாயை விட்டு அகலவில்லை. பத்மகாந்தனிடம் தடுமாறியதுபோல் இங்கேயும் தடுமாறிவிடுவேனோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"சரி ஐயா. அந்தப் பயிற்றுநர்மேல் உங்களுக்கு எப்போதிருந்து சந்தேகம்?"

"சந்தேகமோ?" நவரத்தினம் நிறுத்தினார். மகளைப் பார்த்தார்.

"இல்லை மிஸ். எனக்கு அவரிலை ஒருநாளும் சந்தேகம் வரேல்லை. வந்திருக்கவேணும், வரேல்லை. இது சந்தேகமில்லை. என்ரை பிள்ளை சொன்னவ. அவ சொன்னதை நான் நம்புறன்."

யதுஷா சோபாவை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாங்கோ அப்பா" என்று தொலைபேசிக்குக் கையை நீட்டினாள். "நானே சொல்லுறன்."